ஹீபிச் செடி: தரையில் நடலாமா, தொட்டியில் வைக்கலாமா?

ஹீபி என்ற பசுமை மாறாப் பூம்புதரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பூவைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று கதிர் கதிராகப் பூத்து நிற்கும் செடியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது கஷ்டம். எங்கே வைப்பது என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுகிறது. தோட்டம் இருந்தால் தரையில் நடுகிறோம், இல்லாவிட்டால் தொட்டி. இப்படி இடவசதியை வைத்து முடிவு செய்வதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. ஹீபியைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேரடியில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது? செடி போனால் குளிர் தாங்கவில்லை என்றோ வெயில் தாங்கவில்லை என்றோ சொல்லிவிடுகிறோம். பிடுங்கிப் பார்த்தால் பல நேரம் வேர் பழுப்பாகி, கையில் பிசுபிசுவென்று உரிந்து வரும்.

அது எங்கிருந்து வந்த செடி என்று தெரிந்தால் காரணம் புரியும். ஹீபியில் ஏறத்தாழ நூறு இனங்கள் உண்டு. மிகப் பெரும்பாலானவை நியூசிலாந்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடி, ஃபாக்லாந்து தீவுகள், பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ராபா தீவு போன்ற இடங்களில் மட்டும் ஓரிரண்டு உண்டு. தாவரவியலாளர்கள் பலர் இப்போது இதை வெரோனிகா பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். வாங்கும் செடியின் அட்டையில் ஹீபிக்குப் பதில் வெரோனிகா என்று இருந்தால் வேறு செடியோ என்று குழம்ப வேண்டாம். கடல் உப்புக்காற்று அடிக்கும் பாறை விளிம்பு, மலை உச்சிக்குக் கீழே சரளைக்கல் சரிந்து கிடக்கும் சரிவு, ஆற்றோரக் கல் திட்டு என்று பல இடங்களில் அது வளர்கிறது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம் உண்டு, காற்று உண்டு. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். நாம் தரையிலும் தொட்டியிலும் கொடுக்க முயல்வது இந்த மூன்றைத்தான்.

இலையைப் பார்த்து முடிவு செய்யலாம்

தரையா தொட்டியா என்பதற்கு முன்னால், கையில் இருப்பது எந்த மாதிரி ஹீபி என்று பார்த்துவிடுங்கள். பெயர் அட்டை தொலைந்து போயிருந்தாலும் பரவாயில்லை, இலையே சொல்லிவிடும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். ஒவ்வொரு ஜோடியும் கீழே உள்ள ஜோடிக்குக் குறுக்காக நிற்கும். கிளையை நுனியிலிருந்து நேராகப் பார்த்தால் நான்கு வரிசை தெரியும். இலை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குச் செடி குளிர் தாங்கும் என்பது தோட்டக்காரர்கள் பொதுவாக நம்பும் விதி. அதில் உண்மையும் இருக்கிறது.

பெரிய இலை ஹீபிகளில் பல, ஸ்பீசியோசா என்ற கடற்கரை இனத்தின் வழி வந்தவை. தடித்த, பளபளப்பான இலை. கருஞ்சிவப்பு, அடர் ஊதா நிறங்களில் கொழுத்த பூக்கதிர். கடை வாசலில் ஆளை இழுப்பது இவைதான். நியூசிலாந்தின் கரையோரப் பாறைகளில் அந்த மூல இனமே இப்போது அரிதாகிவிட்டது. இந்த வகைகள் லேசான உறைபனியைத் தாங்கும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியை நெருங்கினால் இலை கருகத் தொடங்கும், நீண்ட குளிரில் செடியே போய்விடலாம். சிறிய இலை வகைகள் வேறு மாதிரி. பிங்குயிஃபோலியா 'பேஜி' சாம்பல் பூத்த நீல இலையோடு தரையை ஒட்டிப் படரும். உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு, அகலம் கிட்டத்தட்ட 90 செ.மீ. வரை போகும். 'ரெட் எட்ஜ்' குளிர் வந்தால் இலை ஓரமும் நுனியும் சிவந்து அழகாகும். ரகாயென்சிஸ் பச்சைக் குன்று மாதிரி தானாகவே உருண்டு வளரும், கவாத்தே கேட்காது. இவையெல்லாம் மைனஸ் 10 டிகிரி வரையிலும் சமாளிக்கக்கூடியவை, வேர் நனைந்து கிடக்காத வரை.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. இலையே இல்லாதது போல, செதில்கள் தண்டோடு ஒட்டிக்கொண்டு, பார்க்க சைப்ரஸ் கிளை மாதிரி இருக்கும். ஓக்ரேசியா 'ஜேம்ஸ் ஸ்டிர்லிங்' இதில் பிரபலம்; பழைய தங்க நிறத்தில், நுனி வளைந்து நிற்கும். பூ அதிகம் வராது. நிறத்துக்கும் உருவத்துக்கும் வளர்க்கிற செடி இது. கைக்கு அடக்கமானது, தொட்டியில் மிக அழகாக நிற்கும்.

இலை விதிக்கு ஒரு விலக்கு உண்டு. சாலிசிஃபோலியா என்ற இனத்தின் இலை நீண்டு அரளி இலை போல இருக்கும், ஆனாலும் குளிரைத் தாங்குவதில் பெரிய இலைக் கூட்டத்தில் இதுவே கெட்டிக்காரச் செடி. நியூசிலாந்தின் தென் தீவிலும் சிலியின் தெற்கிலும் இயற்கையாக வளர்வது. இதன் கலப்பில் வந்தவற்றுக்கும் கொஞ்சம் உறுதி கிடைத்திருக்கிறது. ஆனால் ஆளுயரத்துக்கு மேல் போகக்கூடியது என்பதால் இதைத் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தரையில் நட்டால்

நீர் நன்றாக வடியும் மண் உங்களிடம் இருந்தால், யோசிக்காமல் தரையில் நடுங்கள். தரையில் நிற்கும் ஹீபிக்கு முதல் ஒரு வருடம்தான் கவனிப்பு தேவை. அதற்கப்புறம் நீண்ட வறட்சி வந்தால் மட்டும் தண்ணீர் விட்டால் போதும். வேர் ஆழமாகப் போகாது, மேலாகப் பக்கவாட்டில் சல்லிவேராகப் பரவும். அதனால்தான் செடியடியில் மண்வெட்டியோ களைக்கொத்தோ போடக் கூடாது. களையைக் கையால் பிடுங்குவதும், சரளையோ மரப்பட்டைத் தூளோ மூடாக்காகப் போடுவதும் நல்லது. மூடாக்கு அடித்தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும்.

குளிர் விஷயத்திலும் தரைக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. காற்று எவ்வளவு சில்லிட்டாலும் மண்ணுக்குள் அந்த மாற்றம் மெதுவாகத்தான் இறங்கும். மேலே இலை கருகினாலும் கீழே வேர் தப்பித்து, இளவேனிலில் அடியிலிருந்து துளிர் விட வாய்ப்பு இருக்கிறது. தொட்டியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாலு பக்கமும் குளிர் தாக்கும். தண்டைவிட வேர்தான் குளிருக்கு முதலில் பலியாகும் என்பதைச் செடி வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

மண் வடிகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. நட நினைக்கும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். தண்ணீர் நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியால் அளந்து பாருங்கள். மணிக்கு இரண்டரை செ.மீ. அளவாவது இறங்கினால் நடலாம். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் மினுங்கினால் அங்கே ஹீபி வேண்டாம். இந்தச் சோதனையை மழைக்காலத்திலோ குளிர்காலத்திலோ செய்தால்தான் உண்மை தெரியும். கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண்கூட விரிசல் வழியே தண்ணீரைக் குடித்து நம்மை ஏமாற்றிவிடும்.

களிமண்ணாக இருந்தால் பலர் செய்வது, பெரிய குழி எடுத்து அதில் மணலும் மக்கிய உரமும் கலந்து நிரப்பி, நடுவே செடியை வைப்பது. கேட்க நியாயமாக இருக்கும், விளைவு நேர்மாறு. சுற்றியுள்ள களிமண் தண்ணீரை விடாது. அக்கம்பக்கத்து ஈரமெல்லாம் நடுவில் உள்ள இளகிய மண்ணுக்குள் வந்து சேர்ந்துவிடும். களிமண்ணில் ஹீபி வளர்க்க மேட்டுப்பாத்திதான் சரியான வழி. தரை மட்டத்துக்கு மேலே ஒரு முழ உயரமாவது மண்ணைக் குவித்து, அதன் உச்சியில் நடுங்கள். கரையைக் கல்லாலோ மரத்தாலோ கட்டலாம், கட்டாமல் சரிவாகவும் விடலாம். சரிவில் 'பேஜி' படர்ந்தால் மண் அரிக்காது, பார்க்கவும் அழகு. தரையா தொட்டியா என்று யோசிக்கும்போது இந்த மூன்றாவது வழி பலருக்கு நினைவுக்கு வருவதே இல்லை. களிமண்காரர்களுக்குத் தொட்டியைவிட இதையே முதலில் சொல்வேன். வேருக்கு இடமும் கிடைக்கிறது, வடிகாலும் கிடைக்கிறது.

நடும்போது ஆழம் முக்கியம். வாங்கிய தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான், ஒரு விரல்கூட கீழே புதைக்க வேண்டாம். வேர் தொட்டி வடிவத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் விரலால் பிரித்துவிட்டு, பிரிய மறுத்தால் பக்கவாட்டில் இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் கீறிவிட்டு நடுங்கள். இல்லாவிட்டால் அது சுற்றிய வளையத்துக்குள்ளேயே நின்றுவிடும். மண்ணில் அதிகம் உரம் கலக்கவும் வேண்டாம். வளம் குறைந்த மண்ணில் ஹீபி குட்டையாக, நெருக்கமாக, நிறையப் பூவோடு வளரும். தழைச்சத்து அதிகமானால் தண்டு நீண்டு மெலிந்து, நடுவில் பிளந்து சரியும். அந்த இளந்தளிரைத்தான் முதல் உறைபனி பதம் பார்க்கும். மண்ணின் கார அமிலத் தன்மை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நடுநிலையாகவோ லேசான காரமாகவோ இருந்தால் நல்லது.

குளிர் கடுமையாக இருக்கும் இடத்தில் இளவேனிலில் நடுவது நல்லது, குளிர் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். குளிர் லேசாகவும் கோடை வறண்டும் இருக்கும் இடத்தில் இலையுதிர்காலம் மேல். அப்போது நட்டால் மழை ஈரத்திலேயே வேர் ஓடிவிடும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி: உப்புக்காற்றை ஹீபி அளவுக்குத் தாங்குகிற பூஞ்செடிகள் அதிகம் இல்லை. வேலிக்குக்கூட நடலாம்.

தொட்டியில் வைத்தால்

தொட்டி ஹீபியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வடியாத மண் உள்ளவர்களுக்கும், பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்கும், பெரிய இலை வகைகள்மேல் ஆசைப்பட்டு ஆனால் உறைபனி விழும் ஊரில் இருப்பவர்களுக்கும் தொட்டிதான் சரி. நினைத்த இடத்துக்கு நகர்த்தலாம். குளிர் இறங்கும் இரவில் சுவரோரம் ஒதுக்கலாம். கொளுத்தும் பிற்பகலில் நிழலுக்குத் தள்ளலாம். ஆனால் தரையில் மண் பார்த்துக்கொள்ளும் வேலைகளை எல்லாம் தொட்டியில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதில் முதல் வேலை தண்ணீர்.

தொட்டியில் வைத்துவிட்டாலே வடிகால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். அது பாதிதான் உண்மை. தண்ணீர் விட்டு, ஓட்டை வழியே வழிவது நின்ற பிறகும் தொட்டியின் அடியில் ஒரு அடுக்கு மண் முழுக்க ஈரம் சொட்டத்தான் நிற்கும். அந்த அடுக்கின் உயரம் மண் கலவையைப் பொறுத்தது, தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததல்ல. ஆகவே தட்டையான தொட்டியில் பாதி மண் சேறாக இருக்கும். அதே கலவையை உயரமான தொட்டியில் போட்டால் வேருக்குக் காற்றோட்டமான பகுதி அதிகம் கிடைக்கும். அடியில் ஓட்டாஞ்சல்லியோ கூழாங்கல்லோ பரப்பினால் வடியும் என்பதும் இதே காரணத்தால் தவறு. ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இன்னும் பக்கத்தில். ஓட்டை அடைக்காமல் இருக்க ஒரு வலைத்துண்டு போட்டால் போதும். மாற்ற வேண்டியது கலவையைத்தான். பருமனான துகள்கள், அதாவது பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல் துகள்), பருமணல், சிறு சரளை இவற்றில் ஒன்றை, மொத்தக் கலவையில் நாலில் ஒரு பங்காவது சேருங்கள்.

மீதிப் பங்குக்குத் தோட்டமண் அடிப்படையிலான கலவை நல்லது. தென்னை நார்த்தூள் மட்டுமே உள்ள கலவை லேசாக, தூக்க வசதியாக இருக்கும். ஆனால் ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி நனைப்பது சிரமம். மேலே விட்ட தண்ணீர் தொட்டி ஓரமாக வழிந்து ஓட்டை வழியே வெளியேறிவிடும், வேர்ப்பந்து உள்ளே காய்ந்தே இருக்கும். அப்படி ஆனால் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழ் வருவது நிற்கும் வரை விட்டு எடுங்கள். மண் கலந்த கலவை கனமாக இருக்கும். அந்தக் கனமும் காற்றில் தொட்டி சாயாமல் இருக்க உதவும்.

மண்தொட்டியா பிளாஸ்டிக்கா என்று கேட்டால், நான் மண்தொட்டி பக்கம். சுவர் வழியே ஈரம் ஆவியாகும், வேர் மூச்சுவிடும், கோடையில் உள்ளே சூடு குறையும். இதற்கு விலையாகத் தண்ணீர் அடிக்கடி விட வேண்டும். உறைபனி ஊரில் சாதாரண மண்தொட்டி ஈரத்தோடு உறைந்து வெடித்துவிடும், அங்கே உறைபனி தாங்கும் என்று குறிப்பிட்ட தொட்டிதான் வாங்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு அது வசதி. தினமும் தண்ணீர் ஊற்றாமல் கை நிற்காதவர்களுக்கு அதுவே ஆபத்து. கறுப்பு நிற பிளாஸ்டிக்கை வெயிலில் வைக்காதீர்கள். மேற்கு வெயில் படும் பக்கத்து வேர் வெந்தே போகும்.

தண்ணீருக்குக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். விரலை மூன்று நான்கு செ.மீ. உள்ளே விடுங்கள். காய்ந்திருந்தால் ஓட்டை வழியே வழியும் வரை ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் அறிவது இன்னும் நல்ல பழக்கம். ஹீபியின் தடித்த இலை, தாகம் எடுத்ததும் துவண்டு காட்டிவிடாது. அடி இலைகள் மஞ்சளாகி உதிரும்போதுதான் நமக்குத் தெரியவரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி இலை வராது, செடியின் கால் மொட்டையாகவே நிற்கும். இதே அறிகுறி தண்ணீர் அதிகமானாலும் வரும் என்பதால், இலை மஞ்சளானதும் குடத்தைத் தூக்காமல் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

தொட்டிக்கு உரம் தேவை; தண்ணீரோடு சேர்ந்து சத்து வழிந்து போய்விடுகிறது. இளவேனில் தொடக்கத்தில் மெதுவாகக் கரையும் குருணை உரம் ஒரு தடவை போட்டால் அந்தப் பருவத்துக்குப் போதும். திரவ உரம் விடுகிறவர்கள் பாதி வீரியத்தில் விடுங்கள், கோடை முடிவதோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். நேரே மிகப் பெரிய தொட்டிக்குத் தாவினால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, மறுபடி அதே அழுகல்தான்.

குளிர்காலத்தில் தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து, சாக்கோ குமிழ் உறையோ தொட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். பலர் இலையைப் போர்த்திவிட்டுத் தொட்டியை வெறுமனே விடுகிறார்கள். தொட்டியைப் போர்த்துவதுதான் முக்கியம். அடியில் இரண்டு செங்கல் துண்டு கொடுத்து உயர்த்திவைத்தால் ஓட்டை அடைபடாமல் வடியும்.

வீட்டுக்குள்?

பரிசாகக் கொடுக்கும் சிறிய தொட்டிகளில், பூ நிறைந்து வருகிற ஹீபிகள் பெரும்பாலும் பசுமைக்குடிலில் வளர்த்த பெரிய இலை வகைகள். அவற்றை வரவேற்பறையில் வைத்து அழகு பார்க்கத் தோன்றும். பூ இருக்கும் சில நாள் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சூடேற்றிய அறைக்காற்றும் மங்கிய வெளிச்சமும் அதற்கு ஒத்துவராது. இலை கொட்ட ஆரம்பித்தால் மீட்பது கடினம். குளிர் உச்சத்தில் கிடைத்தால், சூடேற்றாத, வெளிச்சமான வராந்தாவில் வைத்திருந்து, உறைபனி ஓய்ந்ததும் சில நாட்கள் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்கி, அப்புறம் நிரந்தரமாக வெளியே விடுங்கள்.

கவாத்தும் வயதும்

இந்த இடத்தில் தரைக்கும் தொட்டிக்கும் வித்தியாசம் குறைவு. செடியின் வகைதான் பேசுகிறது. பூ முடிந்ததும் காய்ந்த கதிர்களை அதற்குக் கீழே முதல் இலை ஜோடிக்கு மேலாகக் கிள்ளி எடுங்கள். 'கிரேட் ஓர்ம்', 'மிட்சம்மர் பியூட்டி' போன்றவை கதிரின் அடியிலிருந்து நுனி நோக்கிப் பூக்கும். அடியில் பழைய பூ வெளுத்திருக்க, நுனியில் புதுப்பூ நிறத்தோடு இருக்கும். அந்த இரட்டை நிறம்தான் அவற்றின் அழகு, அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். கதிர் முழுக்க வெளுத்த பிறகு எடுத்தால் போதும். 'ஆட்டம் குளோரி' கோடை நடுவில் தொடங்கி இலையுதிர்காலம் வரை விட்டுவிட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும். அதற்கு வாடிய பூ எடுப்பதே தனி வேலை, அந்த உழைப்புக்கு ஏற்ற பலன் கொடுக்கும்.

வெட்டுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. சிறிய இலை வகைகளையும் செதில் இலை வகைகளையும் இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது. பச்சை இருக்கும் பகுதிக்குள்ளேயே கத்தரி நிற்கட்டும். பெரிய இலை வகைகளில் அடித்தண்டில் சிறு பச்சைத் துளிர் கண்ணில் பட்டால், அதற்கு மேலே துணிந்து வெட்டலாம்; இளவேனிலில் செய்யுங்கள், இலையுதிர்காலத்தில் வேண்டாம். வெள்ளை விளிம்பு இலை வகைகளில் முழுப் பச்சையாக ஒரு கிளை வந்தால் அதை அடியோடு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வேகமான கிளை மற்றதை அமுக்கிவிடும்.

ஹீபி நூறு வருடம் நிற்கிற செடி இல்லை. பத்து வருட அளவில் பல வகைகள் கால் மொட்டையாகி, நடு திறந்து, கிழடு தட்டிவிடும். தொட்டியில் இது இன்னும் சீக்கிரம் வரும். அந்த நிலையில் கவாத்து செய்து இளமையாக்கப் போராடுவதைவிடப் புதுச் செடி உண்டாக்குவது எளிது.

நோய் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அசுவினி தளிரில் வரும், தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் போதும். ஈரமான பருவத்தில் ஊதா விளிம்போடு பழுப்புப் புள்ளிகள் விழும் இலைப்புள்ளி நோயும், இலைக்கு அடியில் சாம்பல் பூத்தது போலப் படரும் அடிச்சாம்பல் நோயும் வரலாம். இரண்டுக்கும் காற்றோட்டமும் இலை நனையாமல் தண்ணீர் விடுவதும்தான் மருந்து. நெருக்கி அடுக்கிய தொட்டிகளில் இவை அதிகம் என்பதால், குளிர் போனதும் தொட்டிகளைப் பிரித்து வையுங்கள். செடியின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வாடி, பிறகு மொத்தமும் போனால் அது வேரழுகலாகவோ வாடல் நோயாகவோ இருக்கும். அந்த மண்ணில் அடுத்த ஹீபியை நடாதீர்கள்.

எந்த இடத்துக்கு எது

லேசான குளிர், மிதமான கோடை, வடியும் மண் இருக்கிறவர்கள் பெரிய இலை வகைகளைக்கூட தைரியமாகத் தரையில் நடலாம். உறைபனி கடுமையாக விழும் இடத்தில் 'பேஜி', 'ரெட் எட்ஜ்', ரகாயென்சிஸ் போன்றவை தரைக்கு. பெரிய இலை வேண்டுமென்றால் தொட்டியில், குளிருக்கு ஒதுங்க இடம் இருந்தால் மட்டும். வெயிலும் புழுக்கமும் இரவிலும் தணியாத இடங்களில் ஹீபி தடுமாறும். அங்கே தரையில் நட்டு அதை வதைக்க வேண்டாம். கிழக்கு வெயில் மட்டும் படும் இடத்தில், மண்தொட்டியில், நல்ல காற்றோட்டத்தோடு வைத்தால் ஓரளவு ஓடும். அப்போதும் அதை நீண்டகாலச் செடியாக எண்ணாமல், குளிர்ந்த பருவத்துப் பூவாக வைத்துக்கொள்வதே நல்லது.

வெயில், காற்று, மண் எதுவும் இன்னும் சரியாகத் தெரியாத புது இடத்துக்குக் குடிவந்தவர்கள் முதல் வருடம் தொட்டியிலேயே வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. எந்த மூலையில் தண்டு குட்டையாக, பூ நிறைய வருகிறதோ அங்கே மண்ணைச் சோதித்துவிட்டு இறக்கிவிடலாம். சல்லிவேர் என்பதால், சரியான பருவத்தில் செய்தால், இந்த மாற்றத்தை ஹீபி நன்றாகவே தாங்கும்.

தரை, தொட்டி இரண்டையும் ஒரே செடியிலிருந்து பெறவும் வழி இருக்கிறது. கோடை முடியும் நேரத்தில், பூக்காத கிளை நுனிகளை 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி எடுங்கள். அடிப்பாதி இலைகளை நீக்கிவிட்டு, பருமணலும் நார்த்தூளும் சமமாகக் கலந்த சிறு தொட்டியில் ஓரமாகச் செருகுங்கள். பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்தால் எதிர்ப்புத் தெரியும். விதையிலும் வளர்க்கலாம்தான், ஆனால் ஹீபிகள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். விதைக்கன்று தாய் மாதிரி இருக்காது. பெயர் சொல்லி வாங்கிய வகை அதே வகையாக வேண்டுமென்றால் குச்சிதான் வழி. தாயைத் தரையில் விட்டுவிட்டு, வேர் பிடித்த கன்றுகளை முதல் குளிர்காலத்தில் உறைபனி படாத இடத்தில் தொட்டியிலேயே வைத்திருங்கள். இளவேனிலில் தரைச்செடி உயிரோடு துளிர்த்தால் கன்றுகளைத் தொட்டிக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கலாம். துளிர்க்காவிட்டால் வேரைத் தோண்டிப் பாருங்கள். வேர் அழுகியிருந்தால் கன்றை வேறு மேட்டில் நடுங்கள். வேர் நன்றாக இருந்து தண்டு மட்டும் கருகியிருந்தால் அது குளிரின் வேலை. இளவேனில் முடியும் வரை காத்திருந்து பாருங்கள், அடியிலிருந்து துளிர் வரக்கூடும்.